அந்த வழக்குக் கட்டை எதிரியின் பக்கமிருந்தும் படிக்கச் சொல்லுங்கள்

சட்ட மாணவர்களைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும் அரசு வழக்கறிஞர் அலுவலகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அரசு வழக்கறிஞர்களுக்கு,

வணக்கம். நான் குற்றவியல் நடைமுறைச் சட்டம் கற்பிக்கும் ஆசிரியை. ஆசிரியப் பணிக்கு வருவதற்கு முன் சில ஆண்டுகள் எதிர்த் தரப்பில், குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடியிருக்கிறேன். அதற்கும் முன்பு, மாணவியாக இருந்தபோது, உங்களைப் போன்ற ஓர் அலுவலகத்தில் 4 வாரம் இன்டர்ன்ஷிப் செய்திருக்கிறேன். இந்த மூன்று இடங்களிலும் நின்று பார்த்தவள் என்பதால்தான் இதை எழுதத் துணிகிறேன்.

ஒவ்வொரு விடுமுறை முடிந்ததும் மாணவர்கள் தங்கள் பயிற்சிக் குறிப்பேட்டை என்னிடம் கொடுப்பார்கள். நான் ஒரு வரி விடாமல் படிப்பேன். கார்ப்பரேட் நிறுவனத்துக்குப் போனவர்கள் ஒப்பந்தங்களைப் பற்றி எழுதுவார்கள். உங்களிடம் வந்தவர்களின் குறிப்பேடுகளில் முதல் வாரம் முழுக்க ஒரே மாதிரி இருக்கும்: வழக்கு ஆவணக் கட்டுக்குப் பக்க எண் போட்டேன், ஜெராக்ஸ் எடுத்தேன், நீதிமன்றத்தில் உட்கார்ந்தேன், வாய்தா. அதில் எனக்கு வருத்தமில்லை. பக்க எண் போடுவதும் தொழில்தான். எண் தவறிய ஆவணம் விசாரணை நாளில் கண்ணில் படாமல் போகும் என்பது அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும்.

என்னை உறுத்துவது மூன்றாவது வாரத்தில் வரும் சொற்கள். “இன்று நம்ம கேஸ் ஜெயித்துவிட்டது. எதிரிக்கு 7 வருடம்.” அடுத்த பக்கத்தில், “இன்று தோற்றுவிட்டோம். எதிரி விடுதலை.” கல்லூரியில் நான் ஒரு பருவம் முழுக்கப் பேசியதை 15 நாளில் மாற்றி எழுத வைக்கும் வல்லமை உங்கள் அலுவலகத்துக்கு இருக்கிறது. அதை நான் மரியாதையோடுதான் சொல்கிறேன். மாணவர்கள் எங்கள் பேச்சைக் கேட்கிறார்கள், ஆனால் உங்கள் முகத்தைப் பார்த்துக் கற்கிறார்கள். தண்டனை கிடைத்த நாளில் அலுவலகத்தில் என்ன பேச்சு ஓடுகிறது, விடுதலையான நாளில் எவ்வளவு மௌனம் நிலவுகிறது என்பதெல்லாம் அவர்களுக்குப் பாடமாகிவிடுகிறது.

நம் நீதிமன்றத் தமிழுக்கும் இதில் பங்குண்டு. குற்றம் சாட்டப்பட்டவரை நாம் ‘எதிரி’ என்று எழுதிப் பழகிவிட்டோம். முதல் எதிரி, இரண்டாம் எதிரி. இது வெறும் தொழில் வழக்கு என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். இருபது வயதுப் பிள்ளைக்கு அது அப்படியே பொருள் தந்துவிடுகிறது. எதிரி என்றால் வெல்லப்பட வேண்டியவன். அவனுக்கு உதவும் ஒரு தாள் கட்டில் இருந்தால் அது நமக்கு ஆபத்து. இந்த எண்ணம் முளைவிடுவது பயிற்சிக் காலத்தில்தான் என்பது என் உறுதியான கருத்து.

சட்டம் இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1935இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பெர்கர் வழக்கில், அரசு வழக்கறிஞருக்கு வழக்கில் வெல்வது நோக்கமல்ல, நீதி நடப்பதே நோக்கம் என்றது. பலமாக அடிக்கலாம், ஆனால் முறைகேடாக அடிக்க உரிமையில்லை என்று அவர்கள் சொன்னது இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. கனடாவின் பூஷே வழக்கில் நீதிபதி ராண்ட் இன்னும் ஒரு படி மேலே போனார்: இந்தப் பணியில் வெற்றி தோல்வி என்ற எண்ணத்துக்கே இடமில்லை. இந்திய உச்ச நீதிமன்றம் 1999இல் சிவகுமார் எதிர் ஹுகம் சந்த் வழக்கில், உண்மை என்ன என்று பாராமல் எப்படியாவது தண்டனை வாங்கிவிட வேண்டும் என்ற தாகம் அரசு வழக்கறிஞருக்கு இருக்கக் கூடாது என்றது. இவை மூன்றையும் என் மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்குவார்கள். அதன் பிறகு உங்களிடம் வந்து ‘ஜெயித்தோம்’ என்று எழுதுவார்கள்.

என் சொந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் உங்களிடம் எதையும் கேட்க எனக்குத் தகுதியில்லை.

நான் பயிற்சிக்குப் போன அலுவலகத்தில் ஒரு கத்திக்குத்து வழக்கு இருந்தது. காயம்பட்டவர் பிழைத்துவிட்டார். அவருக்குத் தெரிந்த ஓர் இளைஞர்தான் குத்தினார் என்பது வழக்கு. எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை, கட்டில் உள்ள ஆவணங்களை வரிசைப்படுத்தி நகல் எடுப்பது. எடுத்துக்கொண்டே வரும்போது மருத்துவமனைப் பதிவேட்டின் பக்கம் கண்ணில் பட்டது. இரவுப் பணியில் இருந்த மருத்துவர் கிறுக்கலாக எழுதியிருந்தார். இரண்டு முறை உற்றுப் பார்த்தேன். “அடையாளம் தெரியாத 3 பேர் தாக்கியதாகக் கூறுகிறார்” என்று இருந்தது. காயம்பட்டவர் நினைவோடு இருந்து, தானே சொன்னதாக எழுதப்பட்ட வரி அது. காவல் துறையிடம் அவர் கொடுத்த வாக்குமூலம் அதற்கு இரண்டு நாள் கழித்து. அதில் ஒரே ஒரு ஆள், பெயரோடு.

கட்டைத் தூக்கிக்கொண்டு சீனியரிடம் போனேன். அவர் கெட்ட மனிதர் அல்ல. அன்றைக்கு அவர் மேசையில் அதைப் போல இருபது கட்டுகள் இருந்தன. “அதெல்லாம் எதிர்த் தரப்பு பார்த்துக்க வேண்டிய வேலைம்மா. நீ நம்பர் போட்டு முடி” என்றார். சரி என்று வந்துவிட்டேன். எதிர்த் தரப்புக்குக் கொடுக்க வேண்டிய நகலை எடுத்தவளும் நான்தான். மூலமே மங்கல். நகலில் அந்த வரி சாம்பல் பூசியது போல வந்தது. இன்னொரு முறை கறுப்பை ஏற்றி எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. என் வேலை எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுதானே என்று நினைத்தேன்.

விசாரணையின்போது எதிர்த் தரப்புக்கு வந்தவர் இலவசச் சட்ட உதவியில் நியமிக்கப்பட்ட, தொழிலுக்குப் புதியவர். மருத்துவரிடம் அந்த வரியைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. அவர் கையில் இருந்த நகலில் அதைப் படித்திருக்கவே முடியாது. தண்டனை ஆயிற்று. அலுவலகத்தில் எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். என் குறிப்பேட்டில் நானும் ‘ஜெயித்தோம்’ என்றுதான் எழுதினேன்.

அந்த இளைஞர் குத்தினாரா இல்லையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. இருட்டில், வலியில், பயத்தில் ஒருவர் முதலில் தவறாகச் சொல்லியிருக்கலாம். பழிக்குப் பயந்து பெயரை மறைத்திருக்கலாம். மருத்துவரே தவறாகக் கேட்டிருக்கலாம். இவற்றில் எது உண்மை என்று கண்டுபிடிக்கத்தான் விசாரணை. அந்தக் கேள்வி நீதிமன்றத்தின் முன் எழவே இல்லை. யாரும் எதையும் ஒளிக்கவில்லை. யாரும் படிக்கவில்லை, படித்த ஒருத்தியை யாரும் பேச விடவில்லை, அவளும் பேசாமல் இருந்துவிட்டாள். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் ஜெராக்ஸ் இயந்திரத்தின் வெளிச்சம் ஓடும்போதெல்லாம் எனக்கு அந்தப் பக்கம்தான் நினைவுக்கு வருகிறது.

இது என் ஒருத்தியின் கதை என்றால் மடல் எழுத மாட்டேன். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து ஜான் தாம்ப்சன் வழக்கை நீங்கள் அறிந்திருப்பீர்கள். அதை உங்கள் மாணவர்களுக்கு விரிவாகச் சொல்லுங்கள். 1985இல் அவர் மீது இரண்டு வழக்குகள்: ஒரு கொலை, ஒரு கொள்ளை முயற்சி. கொள்ளை முயற்சி வழக்கை முதலில் நடத்தினார்கள். அதில் தண்டனை வாங்கினார்கள். கூண்டேறினால் அந்தத் தண்டனையைச் சொல்லியே மடக்குவார்கள் என்பதால், கொலை வழக்கில் அவர் சாட்சிக் கூண்டேறித் தன் தரப்பைச் சொல்ல முடியவில்லை. மரண தண்டனை விதிக்கப்பட்டது.

கொள்ளை நடந்த இடத்தில் குற்றவாளியின் ரத்தம் பாதிக்கப்பட்ட ஒருவரின் கால்சட்டையில் படிந்திருந்தது. அந்தத் துணியைப் பரிசோதித்த ஆய்வக அறிக்கை, விசாரணை தொடங்குவதற்கு 2 நாள் முன்பே அரசுத் தரப்புக்கு வந்துவிட்டது. குற்றவாளியின் ரத்தம் பி வகை. தாம்ப்சனின் ரத்தம் ஓ வகை. அந்த அறிக்கை எதிர்த் தரப்பின் கைக்குப் போகவே இல்லை. அந்த வழக்கில் வேலை செய்த அரசு வழக்கறிஞர் ஒருவர், தான் புற்றுநோயால் சாகப் போகிறோம் என்று தெரிந்த பிறகு 1994இல் ஒரு நண்பரிடம் அதை ஒப்புக்கொண்டார். நண்பரும் 5 ஆண்டுகள் வாய் திறக்கவில்லை. 1999இல், தண்டனையை நிறைவேற்ற நாள் குறித்து, ஒரு மாதம்கூட மீதமில்லை என்ற நிலையில், எதிர்த் தரப்பு அமர்த்திய துப்பறிவாளர் காவல் துறை ஆய்வகத்தின் பழைய பதிவுகளைக் கிளறி அந்த அறிக்கையைக் கண்டெடுத்தார். 2003இல் கொலை வழக்கை மறுபடி விசாரித்தபோது நடுவர் குழு 35 நிமிடத்தில் அவரை விடுவித்தது. 18 ஆண்டுகள் சிறை. அதில் 14 ஆண்டுகள் மரண தண்டனைக் கைதிகளின் கொட்டடி.

நான் உங்களிடம் கேட்க வந்தது அதற்குப் பிறகு நடந்ததிலிருந்து தொடங்குகிறது. தன் வழக்கறிஞர்களுக்கு அந்த அரசு வழக்கறிஞர் அலுவலகம் முறையான பயிற்சி தரவில்லை என்று தாம்ப்சன் வழக்குப் போட்டார். நடுவர் குழு 1 கோடியே 40 லட்சம் டாலர் இழப்பீடு தீர்மானித்தது. 2011இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அதை ரத்து செய்தது. பெரும்பான்மைத் தீர்ப்பு சொன்ன காரணங்களில் ஒன்றை என் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் பலகையில் எழுதிப்போடுகிறேன்: வழக்கறிஞர்கள் சட்டக் கல்லூரியில் படித்து, தேர்வு எழுதி, தொழில் நெறியில் தேர்ந்து வருபவர்கள். ஆகவே இதைத் தனியே கற்றுத்தர வேண்டிய தேவை வெளிப்படையாகத் தெரிந்திருந்தது என்று அலுவலகத்தின் மீது குற்றம் சுமத்த முடியாது.

அதாவது, அலுவலகம் கல்லூரியைக் கை காட்டுகிறது. கல்லூரியில் இருக்கும் நானோ, “பாடத்தை நடத்திவிட்டேன், நடைமுறையை அலுவலகத்தில் கற்றுக்கொள்வார்கள்” என்று உங்களைக் கை காட்டுகிறேன். இடையில் ஒரு மனிதன் 18 ஆண்டுகள் கிடந்தான். கல்லூரிக்கும் அலுவலகத்துக்கும் நடுவே பாலமாக இருப்பது அந்த நான்கோ ஆறோ வார இன்டர்ன்ஷிப் ஒன்றுதான். அதைத்தான் நாம் பக்க எண் போடுவதில் கழிக்கிறோம்.

ஆகவே என் வேண்டுகோள் இது. உங்களிடம் வரும் ஒவ்வொரு மாணவருக்கும் குறைந்தது ஒரு கட்டை முழுதாகக் கொடுங்கள். முதல் தகவல் அறிக்கை தொடங்கிக் கடைசி ஆய்வக அறிக்கை வரை. முதல் வாசிப்பில் அரசுத் தரப்பின் கதை என்ன என்று எழுதச் சொல்லுங்கள். அது அவர்களுக்கு எளிது. பிறகு அதே கட்டை எதிரியின் இருக்கையில் உட்கார்ந்து மறுபடி படிக்கச் சொல்லுங்கள். அவருக்குச் சாதகமாக இதில் என்ன இருக்கிறது என்று ஒரே ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள்.

அந்த ஒரு பக்கத்தில் என்ன வரும் என்பதைக் கல்லூரியில் பாவனைக் கட்டுகளை வைத்து நான் செய்து பார்த்திருக்கிறேன். சாட்சி முதன்முதலில் யாரிடம், எப்போது, என்ன சொன்னார், பிறகு அது எங்கே மாறியது என்று தேடுவார்கள். சம்பவ நேரத்தையும் புகார் பதிவான நேரத்தையும் அது நீதிமன்றத்துக்குப் போய்ச் சேர்ந்த நேரத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்ப்பார்கள். ஆய்வகத்துக்கு அனுப்பிய பொருள்கள் எத்தனை, முடிவு வந்தவை எத்தனை, வராதது ஏன் என்று கேட்பார்கள். சம்பவ இடத்தில் இருந்ததாக மூன்று பேர் பெயர் இருக்கும், விசாரிக்கப்பட்டவர் ஒருவராக இருப்பார். பொருளைக் கைப்பற்றியபோது எழுதியதாகச் சொல்லும் மகஜர் என்ற பதிவில் கையெழுத்திட்ட சாட்சியே இன்னொரு வழக்கிலும் கையெழுத்திட்டிருப்பார். அனுபவசாலிகளின் கண் இவற்றைத் தாண்டிப் போய்விடுவது சோம்பலால் அல்ல. ஆயிரம் கட்டு பார்த்த கண், ஒரு கட்டில் என்ன இருக்கும் என்று படிப்பதற்கு முன்பே முடிவு செய்துவிடுகிறது. மாணவரின் கண்ணுக்கு அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை. நான்கு வாரத்துக்கு அந்தப் பழகாத கண் உங்களுக்குச் சும்மா கிடைக்கிறது.

அந்தப் பக்கத்தை உங்களில் ஒருவர் மாணவரோடு உட்கார்ந்து படிக்க வேண்டும். பத்து நிமிடம் போதும். “இது முக்கியமில்லை, ஏனென்றால்” என்று நீங்கள் விளக்கும் அந்த ‘ஏனென்றால்’தான் பாடம். முக்கியமானது என்று தெரிந்தால் அது எதிர்த் தரப்புக்குத் தெளிவாகப் போய்ச் சேர்ந்திருக்கிறதா என்று இருவரும் சேர்ந்து பாருங்கள். மறைத்தது நல்லெண்ணத்திலா தீய எண்ணத்திலா என்பது பொருட்டல்ல என்று 1963இலேயே அமெரிக்காவின் பிரேடி வழக்கில் சொல்லப்பட்டாயிற்று. மங்கலான நகல் நல்லெண்ணத்தில் எடுக்கப்பட்டதுதான். படிக்க முடியாதவருக்கு அதனால் என்ன ஆறுதல்?

முடிவு மாணவருடையதல்ல என்பதில் நான் கறாராக இருக்கிறேன். இளையவர்களின் ஆர்வம் மேற்பார்வை இல்லாமல் ஓடினால் என்ன ஆகும் என்பதற்கும் எடுத்துக்காட்டு இருக்கிறது. சிகாகோவில் ஆந்தனி போர்ட்டர் என்ற மரண தண்டனைக் கைதியை 1999இல் விடுவிக்க வைத்ததற்காக ஒரு பேராசிரியரும் அவருடைய இதழியல் மாணவர்களும் உலகப் புகழ் பெற்றார்கள். அவருக்குப் பதிலாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்ற அல்ஸ்டோரி சைமன், அந்த ஒப்புதல் பெறப்பட்ட முறையே தவறு என்று சொல்லி 2014இல் விடுவிக்கப்பட்டார். நிரபராதியைத் தேடும் ஆவேசமும், குற்றவாளியைத் தேடும் ஆவேசம் போலவே கண்ணை மறைக்கும். அதனால்தான் இந்த வேலையை உங்கள் கூரைக்குக் கீழே, உங்கள் கையொப்பத்தோடு நடத்தச் சொல்கிறேன்.

இரண்டாவதாக ஒன்று. வழக்குத் தொடுக்க வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுக்கும் அறைக்குள் மாணவரை விடுங்கள். ஓரமாக, பேசாமல் உட்கார்ந்திருக்கட்டும். நீதிமன்றத்தில் நீங்கள் வாதாடுவதை எவர் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், அது திறந்த மன்றம். ஆனால் ஓர் அரசு வழக்கறிஞரின் அதிகாரம் முழு அளவில் வெளிப்படுவது கதவு சாத்திய அறையில்தான். இந்தப் பிரிவைச் சேர்ப்பதா, விடுவதா? ஜாமீனை எதிர்ப்பதா, ஒப்புக்கொள்வதா? இந்தச் சாட்சியை நம்பி வழக்கை நடத்தலாமா? 1990இல் ஹவானாவில் நடந்த ஐக்கிய நாடுகள் மாநாடு ஏற்றுக்கொண்ட அரசு வழக்கறிஞர்களுக்கான வழிகாட்டு நெறிகளில் 14ஆவது, நடுநிலையான விசாரணையில் குற்றச்சாட்டுக்கு ஆதாரமில்லை என்று தெரிந்தால் வழக்கைத் தொடங்கவோ தொடரவோ கூடாது என்கிறது. 16ஆவது, சித்திரவதை போன்ற வழிகளில் பெறப்பட்ட சாட்சியத்தை மறுக்கச் சொல்கிறது. பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தை அமைத்த ரோம் சட்டத்தின் 54ஆவது பிரிவு, குற்றத்தைக் காட்டும் சூழ்நிலைகளையும் குற்றமின்மையைக் காட்டும் சூழ்நிலைகளையும் சமமாகப் புலனாய்வு செய்ய அங்குள்ள வழக்குத் தொடுநரைக் கட்டாயப்படுத்துகிறது. ஒரு மூத்த அரசு வழக்கறிஞர் கட்டை மூடிவைத்து, “இது நிற்காது. நின்றாலும் இதை நிறுத்தக் கூடாது” என்று சொல்வதை ஒரே ஒரு முறை நேரில் பார்த்த மாணவருக்கு இந்த நெறிகளை நான் விளக்க வேண்டியிராது.

அப்படி ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். நான் எதிர்த் தரப்பில் இருந்தேன், எதிரே ஒரு பெண் அரசு வழக்கறிஞர். விசாரணையின் நடுவில் எழுந்து, காவல் நிலையப் பதிவேட்டில் ஒரு முரண் இருப்பதை இன்று காலைதான் கவனித்தேன், எதிர்த் தரப்புக்கு நகல் தருகிறேன், அவர்கள் கேட்டால் அவகாசமும் கொடுங்கள் என்று நீதிபதியிடம் தானாகச் சொன்னார். என் கட்சிக்காரருக்கு அது பெரிய உதவி. பிறகு தாழ்வாரத்தில் நன்றி சொல்லப் போனேன். “நன்றி எதுக்கு? என் கட்டுல ஒரு தாள் முன்னாடியே வச்சிருப்பேன். உங்களுக்கு எது சாதகமோ அதை அதில் குறிச்சிக்கிட்டே வருவேன். இல்லன்னா எனக்கே மறந்துடும்” என்றார். மாணவர்களிடம் நான் எழுதச் சொல்லும் அந்த ஒரு பக்கம் அவரிடமிருந்து வந்ததுதான். அந்த வழக்கில் தண்டனையும் அவரே வாங்கினார், அதையும் சொல்லிவிட வேண்டும். முரணை எதிர்கொண்டு, அதையும் மீறி நிரூபித்து வாங்கிய தண்டனை. மேல்முறையீட்டில் எங்களால் அதை அசைக்க முடியவில்லை.

“எதிர்த் தரப்புக்கு நாமே ஆயுதம் கொடுப்பதா?” என்று கேட்பவர்களுக்கு அவரையே பதிலாகக் காட்டுவேன். பின்னால் வெளிவரும் முரண்தான் வழக்கைக் கவிழ்க்கும். இங்கிலாந்தில் 1974இல் பேருந்துக் குண்டுவெடிப்பில் 12 பேர் செத்த வழக்கில் தண்டிக்கப்பட்ட ஜூடித் வார்ட், 1992இல் விடுவிக்கப்பட்டார். காவல் துறையும் தடயவியலாளர்களும் அரசுத் தரப்பும் காட்ட வேண்டியதைக் காட்டவில்லை என்பது அந்தத் தீர்ப்பின் மையம். அந்த 12 பேரின் குடும்பங்களுக்கும் அங்கே நீதி கிடைக்கவில்லை. பாதிக்கப்பட்டவர் பக்கம் நிற்கிறோம் என்று சொல்லிக்கொள்ளும் எவரும் அதை மறக்கக் கூடாது.

பாதிக்கப்பட்டவர்கள் என்றதும் இன்னொன்று. நீதிமன்ற வளாகத்தில் மிகத் தனிமையாக இருப்பவர்கள் சாட்சிகள்தான். எந்த அறை, எப்போது கூப்பிடுவார்கள், கூண்டில் நின்றதும் யாரைப் பார்த்துப் பேச வேண்டும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாமா என்பதையெல்லாம் சொல்ல ஆளில்லாமல் சுவரோரம் நிற்பார்கள். மூன்றாம் வாய்தாவுக்கும் வந்து திரும்பிப் போனவர் நான்காம் முறை ஏன் வர வேண்டும்? சாட்சி பிறழ்ந்துவிட்டார் என்று வருந்துகிறோம். மிரட்டலும் பணமும் காரணமாக இருக்கும் வழக்குகள் பல. அலட்சியத்தில் மனம் விட்டுப்போனவர்களும் உண்டு. மாணவர்கள் இங்கே மிக நன்றாக உதவுவார்கள். கூட உட்காரட்டும், நடைமுறையைச் சொல்லட்டும், தண்ணீர் வாங்கிக் கொடுக்கட்டும். ஆனால் சாட்சியம் என்ன என்பதைப் பற்றி ஒரு சொல்லும் பேசக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். நடைமுறையை விளக்குவதற்கும் சொல்லிக்கொடுப்பதற்கும் இடையே உள்ள கோடு அனுபவசாலிகளுக்கே சில நேரம் மங்கும். குழந்தைகள், பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோரிடம் மாணவர்களைத் தனியே அனுப்பவே வேண்டாம்.

மாணவர்களின் மனதையும் கொஞ்சம் கவனியுங்கள். போன ஆண்டு ஒரு மாணவி குறிப்பேட்டில் இரண்டு நாள் ஒன்றுமே எழுதவில்லை. விசாரித்தேன். ஒரு குழந்தையின் பிரேதப் பரிசோதனைப் படங்களை வரிசைப்படுத்தச் சொல்லி, என்ன கட்டு என்று சொல்லாமலே கையில் கொடுத்திருக்கிறார்கள். அவள் குற்றவியல் பக்கமே வரமாட்டேன் என்கிறாள். அவள் பயந்தவள் அல்ல. “இதில் கடினமான படங்கள் இருக்கின்றன, பார்க்க விருப்பமா?” என்று ஒரு வார்த்தை முன்னால், “எப்படி இருக்கிறாய்?” என்று ஒரு வார்த்தை பின்னால் கேட்டிருந்தால் அவளை நீங்கள் இழந்திருக்க மாட்டீர்கள். நீங்களும் இப்படித்தான் யாரும் கேட்காமல் இறுகிப்போனீர்களோ என்று எனக்குச் சில சமயம் தோன்றும்.

ரகசியம் காப்பதைப் பற்றி நீளமாக எழுத வேண்டியதில்லை. கட்டு இருக்கும் அறைக்குள் கைப்பேசி வரக் கூடாது. வாட்ஸ்ஆப்பில் ஒரு படமும் போகக் கூடாது. உறவினரோ தெரிந்தவரோ சம்பந்தப்பட்ட வழக்கா, முந்தைய விடுமுறையில் இதே வழக்கின் எதிர்த் தரப்பு அலுவலகத்தில் இருந்தாரா என்பதைச் சேரும் நாளிலேயே எழுதி வாங்குங்கள். இந்த நான்கு வரியைப் பலர் வாய்மொழியாகக்கூடச் சொல்வதில்லை என்பதை மாணவர்கள் மூலம் அறிகிறேன்.

நீதிமன்றத்தில் மாணவர் எழுந்து பேசலாமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் மேற்பார்வையோடு பேச விதி இருக்கிறது. இந்தியாவில் வழக்கறிஞராகப் பதிவு செய்த பிறகுதான். அது எனக்கு இரண்டாம்பட்சம். வாய் திறக்க நாள் வரும். அதற்கு முன் படிக்கக் கற்றுக்கொள்ளட்டும்.

சம்பளம் பற்றி மட்டும் மென்மையாகச் சொல்ல முடியவில்லை. ஊதியமே இல்லாத பயிற்சிக்கு, விடுமுறையில் வேலைக்குப் போய்த்தான் அடுத்த பருவக் கட்டணம் கட்ட வேண்டிய மாணவரால் வர முடியாது. காவல் நிலையத்தை வெளியிலிருந்து மட்டுமல்ல, குடும்பத்தில் ஒருவர் உள்ளே இருந்த அனுபவத்தாலும் அறிந்த பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் அரசு வழக்கறிஞராக வந்தால் அந்த அலுவலகமே மாறும் என்று நம்புகிறேன். அவர்கள் உங்கள் வாசலுக்கு வராமல் போவதற்குப் பயணச் செலவு காரணமாக இருக்கக் கூடாது. முழுச் சம்பளம் தர உங்களுக்கு அதிகாரம் இல்லாமல் இருக்கலாம். பயணப்படியாவது கேட்டு மேலே எழுதுங்கள். கல்லூரி சார்பில் நாங்களும் கூடவே எழுதுகிறோம்.

நேரமில்லை என்பீர்கள். உங்கள் மேசையை நான் பார்த்திருக்கிறேன், அதை மறுக்க மாட்டேன். அதனால்தான் எல்லாக் கட்டையும் கேட்கவில்லை. ஒரு மாணவருக்கு ஒரு கட்டு, ஒரு பக்கம், பத்து நிமிடம். இதற்கான முன் பயிற்சியை நாங்கள் கல்லூரியில் கொடுத்து அனுப்புகிறோம். எதைத் தேட வேண்டும், எதைத் தொடக் கூடாது, யாரிடம் சொல்ல வேண்டும் என்று தெரிந்து வருவார்கள். திரும்பி வந்ததும் குறிப்பேட்டை மதிப்பிடும்போது, எத்தனை நாள் நீதிமன்றம் போனார் என்பதைவிட அந்த ஒரு பக்கத்தைப் பற்றி அவர் என்ன கற்றார் என்பதற்கே மதிப்பெண் போடுவேன். வழக்கின் விவரம் எதுவும் அதில் இருக்காது, இருக்கக் கூடாது.

பயிற்சி முடிவில் நீங்கள் தரும் சான்றிதழில் “ஒழுங்காக வருகை தந்தார், நன்னடத்தை உடையவர்” என்று ஒரு வரி இருக்கும். அதோடு இன்னொரு வரியையும் சேர்க்க முடியுமா? “ஒரு வழக்குக் கட்டை இரு தரப்பின் பக்கமிருந்தும் படித்து எங்களோடு விவாதித்தார்.”

அடுத்த அணியில் 11 பேர் உங்களில் சிலருடைய அலுவலகங்களுக்கு வருகிறார்கள். அவர்களில் ஒருவர் எப்போதாவது கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உங்கள் மேசை முன் வந்து, “சார், மேடம், இந்தப் பக்கத்தில் ஒரு வரி இருக்கு” என்று தயங்கி நிற்பார். கையில் இருக்கும் வேலையை ஒரு நிமிடம் கீழே வைத்துவிட்டு, அந்தப் பக்கத்தை வாங்கிப் பாருங்கள்.

அன்புடனும் மரியாதையுடனும்,
உங்களிடம் மாணவர்களை அனுப்பும் ஓர் ஆசிரியை